ஒயர்களுக்கென ஓர் அலமாரி

மேல்தளத்துக்குக் கம்பி கட்டும் வேலை முடிந்து, மறுநாள் அதிகாலையில் கலவை யந்திரம் வாசலுக்கு வந்துவிடும் என்ற நிலையில் கிடைக்கும் அந்த ஒரு நாள் அவகாசத்தில்தான், நம் ஊர்களில் கட்டப்படும் ஒரு வீட்டின் மின்சார அமைப்பு பெரும்பாலும் நிர்ணயமாகிவிடுகிறது. சென்ட்ரிங் பலகைகளின் மீது கட்டிய கம்பி வலைக்கு ஊடே எலெக்ட்ரீஷியன் பரப்பிவைக்கும் பிளாஸ்டிக் பைப்புகள் எந்த வழியாகச் செல்கின்றனவோ, அந்த வழியாகத்தான் அந்த வீடு உள்ளளவும் ஒயர்கள் செல்ல முடியும். கான்கிரீட் இறுகிய பிறகு அதற்குள் புதிதாக ஒரு வழியை உண்டாக்க எவராலும் ஆகாது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் வேண்டிய பைப்புகளை நாம் சொல்லாமலே அவர் போட்டுவிடுவார். அது அவருக்குக் கைவந்த வேலை. இணையத்துக்கும், காமிராவுக்கும், வாசல் மணிக்கும், மாடித் தொட்டியின் நீர்மட்டத்தை அறிவிக்கும் கருவிக்கும் வேண்டிய பைப்புகளோ, வீட்டுக்காரர் கேட்டாலொழியப் போடப்படுவதில்லை. அவற்றைக் கேட்பதற்கு முன்னால், அவையெல்லாம் எங்கே வந்து கூடவேண்டும் என்பதை அவர் தீர்மானித்திருக்க வேண்டும். அப்படி அவை வந்து கூடுவதற்கென்று வீட்டுக்குள் ஒதுக்கப்படும் ஒரு சிறிய அலமாரியைப் பற்றியே இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

வீட்டிலுள்ள சாதனங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டு, மனிதர் கை படாமலே இயங்கவேண்டும் என்ற ஆசை புதிதன்று. ஸ்காட்லாந்திலுள்ள கிளென்ராத்தெஸ் என்ற ஊரில் பிகோ எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தார் 1975-ல் எக்ஸ்-10 என்ற முறையை வகுத்தபோது, சுவருக்குள் ஏற்கெனவே இருக்கும் மின்சார ஒயரிலேயே சைகைகளையும் அனுப்பி விளக்கை ஏற்றவும் அணைக்கவும் முடியும் என்பதைச் செய்துகாட்டினார்கள். புது ஒயர் வேண்டியதில்லை என்பது அம்முறையின் விசேஷம். அதே ஒயரில் இயங்கும் மற்ற யந்திரங்களின் மின்னிரைச்சல் சைகைகளைக் குழப்பிவிடும் என்பது அதன் தீராத குறை. பிற்காலத்தில் வந்த வைஃபை, ஜிக்பீ முதலிய கம்பியில்லா முறைகள் அந்தக் குறையைப் போக்கின என்றாலும், ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் இரும்புக் கம்பி நிறைந்த கான்கிரீட் தளமும் ரேடியோ அலைகளில் கணிசமான பங்கை விழுங்கிவிடுவதால், கீழ்க்கூடத்தில் அமோகமாகக் கிடைக்கும் வைஃபை மாடியின் கோடியறைக்குப் போய்ச் சேர்வதற்குள் நலிந்துவிடுகிறது. ஆகவே இடம் பெயராத சாதனங்களுக்கு ஒயரும், கையோடு திரியும் கைப்பேசிக்குக் கம்பியில்லா அலையும் என்று பிரித்துக்கொள்வதே உசிதம். அந்த அலையைப் பரப்பும் கருவிக்குங்கூட, ஒவ்வொரு தளத்தின் கூரையிலும் ஓர் ஒயர் வந்து நிற்கவேண்டியிருக்கிறது.

விளக்குகளுக்குச் செய்வதுபோல ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கென்று ஒயரைத் தொடர்ந்து தாவவிட்டுக்கொண்டு போகும் வழக்கம் இங்கே உதவாது. வீட்டின் எந்த மூலையில் ஓர் இணைப்பு வேண்டுமானாலும், அந்த மூலையிலிருந்து நடுவில் ஒட்டுப் போடாத ஒரே ஒயர் நேராக அலமாரிக்கு வந்துசேர வேண்டும். அமெரிக்காவில் வீடுகளுக்கான செய்தி ஒயரிங் பற்றி 1991-ல் முதன்முதலாக வெளியிடப்பட்ட டி.ஐ.ஏ-570 என்ற நியதியும் இந்த நட்சத்திர அமைப்பையே அடிப்படையாகக் கொண்டது. ஒயர் அதிகம் செலவாகும் என்பது வாஸ்தவம். ஆனால் ஓர் ஒயர் பழுதானால் அந்த ஓர் அறை மட்டுமே பாதிக்கப்படும் என்பதும், நாளைக்கு எந்த அறையின் உபயோகம் எப்படி மாறினாலும் மாற்றங்களையெல்லாம் அலமாரியின் முன் நின்றபடியே செய்துகொள்ளலாம் என்பதும் அந்தச் செலவை ஈடுசெய்துவிடுகின்றன.

அலமாரிக்கு இடம் தேடும்போது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மாடிப்படியின் அடிப்புறம். வீட்டின் நடுவில் இருப்பதாலும், மேல்தளத்துக்குப் பைப்புகள் நேராக ஏறுவதற்கு வசதியானதாலும் அது நல்ல இடந்தான். ஆனால் இன்வெர்ட்டரையும் அதன் பாட்டரியையும் வைப்பதற்கு நம்மவர்கள் வழக்கமாகத் தேர்ந்தெடுப்பதும் அதே இடமாகையால், இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. ஈய-அமில பாட்டரி மின்னேற்றம் பெறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. அதனுடன் கலந்துவரும் அமில ஆவி நாளடைவில் செம்பு முனைகளை அரித்துப் பச்சை பூக்கச் செய்துவிடும். பாட்டரியைக் காற்றோட்டமான வேறோர் இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். இல்லையேல் அலமாரியை வேறிடத்துக்குக் கொண்டுபோங்கள். இரண்டையும் ஒரே பொந்தில் அடைத்துவைப்பது கூடாது.

குளியலறைச் சுவரை ஒட்டிய இடம் ஈரத்தாலும், சமையலறை எண்ணெய்ப் புகையாலும், பூஜையறையின் பக்கம் விளக்குக் கரியாலும், மாலை வெயில் காயும் மேற்குச் சுவர் சூட்டாலும் தகுதியற்றவை. தரையோடு தரையாக அமைத்தால் வீடு கழுவும் நீர் புகும். மரப்பலகையைச் சுவரில் அடித்து அதன்மேல் கருவிகளைப் பொருத்துவது மேல்நாட்டு வழக்கமாக இருக்கலாம். கரையான் குடியிருக்கும் நம் மண்ணில் இரும்புத் தகடோ சிமென்ட் ஃபைபர் பலகையோ வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். கருவிகளைத் தாங்கும் ரேக் உலகெங்கும் 19 அங்குல அகலக் கணக்கில் செய்யப்படுகிறது. அதன் உயரம் ‘யூ’ என்ற அலகில், ஒரு யூ ஒன்றே முக்கால் அங்குலம் என்று அளக்கப்படுகிறது. சாதாரணக் குடும்பம் ஒன்றுக்கு 9 யூ ரேக் தாராளமாகப் போதும். அதை வைக்கச் சுவரில் இரண்டரை அடி அகலமும் ஒன்றரை அடிக்குக் குறையாத ஆழமும், அதன் முன்னால் ஓர் ஆள் நின்று இரு கைகளையும் நீட்டி வேலை செய்ய மூன்றடி வெற்றிடமும் இருக்கவேண்டும். இந்த மூன்றடியைத்தான் வீட்டுப் படம் வரைபவர்கள் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அலமாரிக்குள் இரவும் பகலும் ஓய்வின்றி இயங்கும் கருவிகள் எல்லாம் சேர்ந்து 50 வாட் மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 1.2 யூனிட் ஆகிறது. தமிழ்நாட்டில் மின்கணக்கு எடுக்கும் இரண்டு மாத காலத்துக்கு 72 யூனிட். வீட்டு இணைப்புக்கு அரசாங்கம் இலவசமாக வழங்கும் 100 யூனிட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு இதற்கே போய்விடும் என்பதை யோசித்துப் பார்த்தால், தேவைக்கு மிஞ்சிய கருவிகளை வாங்கிக் குவிப்பதில் பெருமையில்லை என்பது விளங்கும். அன்றியும், எடுத்துக்கொண்ட மின்சாரம் முழுவதும் கடைசியில் உஷ்ணமாகவே வெளிப்படுகிறது. சித்திரை மாதத்தில் கதவை இறுக மூடிய அலமாரிக்குள் அந்த உஷ்ணம் போக வழியின்றித் தேங்கினால் கருவிகளின் ஆயுள் குறையும். கதவின் கீழ்ப்புறத்தில் காற்று புகவும் மேற்புறத்தில் வெளியேறவும் துளைகள் அமைத்து, பல்லியும் எறும்பும் நுழையாதபடி அத்துளைகளை நெருக்கமான வலையால் மூடிவிட வேண்டும்.

இந்த அலமாரிக்கு டி.பி. பெட்டியிலிருந்து தனி எம்.சி.பி.யுடன் ஒரு லைன் வரட்டும். அது இன்வெர்ட்டர் லைனாகவே இருக்கட்டும். மின்சாரம் நின்று இன்வெர்ட்டர் தொடங்கும் அந்தக் கணப்பொழுதில் ரவுட்டர் அணைந்து மறுபடி உயிர்பெற இரண்டு மூன்று நிமிஷம் ஆகிவிடுவதுண்டு. அதைத் தவிர்க்கச் சிறிய யூ.பி.எஸ். ஒன்று ரேக்கிலேயே இருப்பது நலம். ரேக்கின் இரும்புச் சட்டத்தை வீட்டின் எர்த்துடன் இணைத்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடியோடு மழை கொட்டும் ஊர்களில் வாசல் கேட்டுக்கும் மதில்சுவர் காமிராவுக்கும் வெளியே ஓடும் செம்பு ஒயர்கள் மின்னலின் அதிர்ச்சியை நேரே உள்ளே அழைத்து வந்துவிடக் கூடியவையாதலால், அவை வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னதிர்ச்சித் தடுப்பான் பொருத்துவது, அல்லது கேட் வரையில் செம்புக்குப் பதிலாக உலோகக் கலப்பற்ற ஃபைபர் ஒயர் கொண்டுபோவது பாதுகாப்பானது. வெளியிலிருந்து வரும் பைப்புக்கு வெளிப்பக்கமாக வாட்டம் கொடுக்கவில்லையென்றால், மழைநீர் அந்தப் பைப்பைப் பிடித்துக்கொண்டு நேரே ரேக்கின்மேல் வந்து இறங்கும்.

பைப் போடும் வேலையை அருகிலிருந்து பார்த்தால்தான் அதன் நுட்பம் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் மேல்தளத்தில் எலெக்ட்ரீஷியன் ஒருவர், ஒவ்வொரு பைப்பின் இணைப்பிலும் பசை தடவி அழுத்தி, கம்பியோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்கி, திறந்த வாய்களில் பழைய காகிதத்தைச் சுருட்டிச் செருகி டேப் சுற்றிக்கொண்டு போனார். கலவையின் பால் பைப்புக்குள் ஒரு கைப்பிடி அளவு போய் உறைந்தால் அந்தப் பைப் பயனற்றுப் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். வீட்டுக்கார அம்மாள் கீழேயிருந்து ஏறிவந்து, “ஏம்பா, இந்த ரெண்டு பைப்புலயும் ஒயரே வராதுன்னு சொல்றியே, அப்புறம் எதுக்குப் போடறே?” என்று கேட்டார். “இப்ப வராதும்மா. பத்து வருஷம் கழிச்சு உங்க பேரப்பிள்ளைங்க ஏதாச்சும் வேணும்னு கேட்டா, சுவத்த ஒடைக்காம இழுத்துக்கலாம். அதுக்குத்தான்” என்றார் அவர். வீட்டுத் தானியங்கி விஷயத்தில் நான் கேட்ட உபதேசங்களில் இதற்கு மேலானது இல்லை.

அவர் போட்டவை 25 மில்லிமீட்டர் பைப்புகள். மின்சார ஒயருக்கு 20 மில்லிமீட்டரும் போதுமானதாக இருக்கலாம். செய்தி ஒயருக்கு 25-க்குக் குறைக்க வேண்டாம். பைப்பின் உட்பரப்பில் நூற்றுக்கு நாற்பது பங்குக்குமேல் ஒயர் நிரம்பக் கூடாது என்பது பொது விதி. அதன்படி இத்தகைய பைப் ஒன்றில் கேட்-6 ஒயர்கள் மூன்று அல்லது நான்கு தாராளமாகச் செல்லும். திருப்பங்களில் குறுகலான எல்போவைத் தவிர்த்து நீண்ட வளைவுகளே வைக்கவேண்டும். இரண்டு பெட்டிகளுக்கிடையே இரண்டு செங்கோணத் திருப்பங்களுக்குமேல் இருந்தால் ஒயரை இழுப்பது பெரும்பாடாகிவிடும். 230 வோல்ட் செல்லும் பைப்பில் செய்தி ஒயரை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. இரண்டு பைப்புகளும் பக்கம் பக்கமாக ஓட நேர்ந்தால் இடையில் ஓர் அடி இடைவெளி விட்டு, குறுக்கிட நேர்ந்தால் செங்கோணமாகக் கடக்கச் செய்ய வேண்டும். தொலைக்காட்சி மாட்டும் இடத்துக்கும் அதன் கீழ் மேடைக்கும் இடையே மட்டும் இரண்டு அங்குலப் பைப் ஒன்று செங்குத்தாக வேண்டும். எச்.டி.எம்.ஐ. ஒயரின் தலை பெரிது. சிறிய பைப்புக்குள் நுழையாது. காலியாக விடும் ஒவ்வொரு பைப்பிலும் ஒரு நைலான் கயிறு கிடக்கட்டும்.

இனி ஒயரைப் பற்றி. கேட்-6 ஒயருக்குள் எட்டு மெல்லிய செம்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகளாக இருக்கின்றன. இந்த முறுக்கைக் கண்டுபிடித்து 1881-ல் காப்புரிமை பெற்றவர் டெலிபோனைத் தந்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்தான். வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல், முறுக்கிய இரண்டு கம்பிகளையும் சமமாகவே தாக்குகிறது. மறுமுனையிலுள்ள கருவி இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டும் கணக்கிலெடுப்பதால், இரண்டுக்கும் பொதுவான இரைச்சல் தானாகவே கழிந்துவிடுகிறது. முறுக்கில்தான் இந்த ஒயரின் சக்தி அனைத்தும் அடங்கியிருக்கிறது. ஆகையால்தான், முனையைச் சாக்கெட்டில் பதிக்கும்போது அரை அங்குலத்துக்குமேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது என்றும், பைப்புக்குள் இழுக்கும்போது 11 கிலோ எடைக்கு மிஞ்சிய பலத்தைப் பிரயோகிக்கக் கூடாது என்றும், ஒயரின் கனத்தைப் போல நான்கு மடங்குக்குக் குறைவான ஆரத்தில் வளைக்கக் கூடாது என்றும் விதித்திருக்கிறார்கள். விளக்கு ஒயரை இழுத்துப் பழகிய கைகளுக்கு இது புதிது. பக்கத்தில் நின்று நயமாகச் சொல்லவேண்டும்.

வாங்குகிற இடத்தில் ஏமாறவும் வழியுண்டு. அலுமினியக் கம்பியின்மேல் செம்பு முலாம் பூசிய ஒயரும் இதே உறையில், இதே பெயரில், மலிவு விலைக்குக் கடைகளில் கிடைக்கிறது. ஒரு கம்பியின் முனையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமே தெரிந்தால் நல்ல சரக்கு, வெள்ளி நிறம் பளிச்சிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காமிராவுக்கும் கூரை வைஃபைக்கும் வேண்டிய மின்சாரத்தையும் இதே ஒயர் வழியாக அனுப்பும் ஏற்பாடு 2003-ல் 15.4 வாட் அளவில் தொடங்கி, 2009-ல் 30 வாட்டாகி, 2018-ல் 90 வாட் வரை உயர்ந்திருக்கிறது. அலுமினியக் கலப்புள்ள ஒயர் இந்தப் பாரத்தில் சூடேறும். நல்ல செம்பு ஒயராக இருந்தாலோ, அலமாரியிலுள்ள ஒரு யூ.பி.எஸ். வீட்டின் காமிராக்கள் அனைத்தையும் மின்தடையின்போது இயங்கவைத்துவிடும்.

எங்கெங்கே ஒயர் கொண்டுபோவது என்பது அவரவர் குடும்பத்தைப் பொறுத்தது. படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் இரண்டு, தொலைக்காட்சிக்குப் பின்னால் இரண்டு, தளத்துக்கு ஒன்றாகக் கூரை நடுவில் வைஃபைக்கு, வீட்டின் நான்கு மூலைகளுக்கும் காமிராவுக்கு, வாசல் மணிக்கு ஒன்று என்று எண்ணிப் பார்த்தால் இருபதை நெருங்கும். ஆனால் தமிழ்நாட்டு வீட்டில் எல்லாவற்றிலும் முக்கியமானதென்று நான் கருதுவது மாடித் தொட்டிக்கும் தரையடிச் சம்ப்புக்கும் செல்லும் பைப்புகளையே. சம்ப்பில் நீர் இருக்கிறதா, தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்த்து மோட்டாரைப் போட்டு நிறுத்துவதற்காக வயதானவர்கள் படியேறி இறங்கும் சிரமத்தை இந்த இரண்டு பைப்புகளும் ஒரே ஒரு கட்டுப்பாட்டுக் கருவியும் தீர்த்துவைக்கின்றன; நிரம்பி வழிந்து வீணாகும் நீரும் மிஞ்சுகிறது. சூரிய ஒளித் தகடு வைக்கும் எண்ணம் இருந்தால் மாடிக்கு இன்னொரு பைப்பும் தேவை. சமையலறையில் எரிவாயுக் கசிவை உணரும் கருவிக்கு இடம் விடுவோர் அதைக் கூரையருகே வைத்துவிடக் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையில் படர்வது. ஆகையால் தரைக்கு ஓர் அடி உயரத்தில் வைக்கவேண்டும்.

இணைய நிறுவனத்தின் ஃபைபர் ஒயர் தெருக் கம்பத்திலிருந்து அலமாரி வரை வருவதற்கென்றே ஒரு தனிப் பைப் வேண்டும். அது இல்லையானால், வருகிற பணியாளர் ஜன்னல் சட்டத்தில் துளையிட்டுத் தமக்கு எட்டின இடத்தில் பெட்டியை மாட்டிவிட்டுப் போவார். அதன் பிறகு அலமாரி இருந்தும் பிரயோஜனமில்லை. வைஃபை ரவுட்டரை இரும்பு ரேக்குக்குள்ளேயே வைத்து வீடு முழுவதும் அலை கிடைக்குமென்று எதிர்பார்ப்பதும் தவறு. இரும்பு அலையை மறிக்கும்.

சுவிட்ச் பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தானியங்கி சுவிட்சுக்குள் இருக்கும் சிறிய மின்னணுச் சுற்று, விளக்கு அணைந்திருக்கும்போதும் விழித்திருக்க வேண்டியிருப்பதால் அதற்கு பேஸுடன் நியூட்ரலும் தேவை. பிளக் பாயின்ட் உள்ள பெட்டிகளில் நியூட்ரல் இருக்கும். மாடிப்படியிலும் கட்டிலருகிலும் உள்ள டூ-வே சுவிட்ச் பெட்டிகளில் வழக்கமாக இருப்பதில்லை. எல்லாப் பெட்டிக்கும் நியூட்ரல் கொண்டுவரச் சொல்லுங்கள், ஆழம் கூடிய பெட்டிகளையே பதிக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டு சொற்களை ஒயர் இழுக்கும் நாளில் சொல்லாமல் விட்டதற்காகப் பின்னால் சுவர்களை வெட்டுகிறவர்கள் ஏராளம். எந்தத் தானியங்கி ஏற்பாடும் செயலற்றுப்போன வேளையிலும், கையால் தட்டினால் விளக்கு எரியவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கருவிகளின் ஆயுள் அற்பமானது. 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் இன்ஸ்டியன் என்ற தானியங்கிக் கம்பெனியின் கணினிகள் முன்னறிவிப்பின்றி நின்றுபோனபோது, அவற்றை நம்பிக் கைப்பேசி வழியே தங்கள் வீட்டை இயக்கிவந்தவர்கள் திகைத்து நின்றார்கள். எந்தக் கம்பெனிக்கும் இது நேரலாம். ஆகவே வீடு கட்டும் காலத்தில் எந்தக் கருவி சிறந்தது என்ற ஆராய்ச்சியில் பொழுதைச் செலவிடுவதைவிட, எந்தக் கருவி வந்தாலும் பொருந்தக்கூடிய இடத்தையும் வழியையும் செம்மையாக அமைப்பதில் பொழுதையும் பணத்தையும் செலவிடுவதே விவேகம். கருவிகள் பிறகு வரட்டும். குடிபுகுந்து ஒரு வருஷம் கழித்து வாங்கினால் விலையும் குறைந்திருக்கும், தேவையும் தெளிந்திருக்கும்.

பூச்சு வேலை தொடங்குவதற்கு முந்தின நாள், ஒவ்வொரு சுவரையும் அதன்மேல் அளவு நாடாவைப் பிடித்தபடி புகைப்படம் எடுத்து வையுங்கள். பிற்காலத்தில் ஆணி அடிக்கும் இடம் பார்க்க அதுவே வரைபடம். ஒவ்வொரு ஒயரின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டி, எந்த எண் எந்த அறைக்குச் செல்கிறது என்ற அட்டவணையை அலமாரிக் கதவின் உட்புறத்தில் பதித்துவிடவேண்டும். எட்டுக் கம்பிகளும் வரிசை மாறாமல் மறுமுனையை எட்டுகின்றனவா என்று சோதிக்கும் சிறு கருவி எல்லா ஒயரிங் ஆட்களிடமும் உண்டு; உங்கள் முன்னிலையில் ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொல்லுங்கள். அட்டவணையும் சோதனையும் முடிந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.